முடி கொட்டும் கினிப்பன்றி: வழுக்கையை விட்டுவிட்டு அரிப்பைப் பாருங்கள்

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். நாய்க்கு வாங்கி வைத்திருக்கும் அந்த உண்ணிச் சொட்டு மருந்தை எடுத்து மூடி வைத்துவிடுங்கள். மற்றதை நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். அதை மட்டும் இன்றிரவு போட்டுவிட வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. இரண்டரை வயதுப் பெண் கினிப்பன்றி. மூன்று வாரமாக முதுகிலும் தொடையிலும் முடி கொட்டுகிறது. முடி போன இடத்தில் தோல் மஞ்சளாகத் தடித்து, பொடுகு செதில் செதிலாக உதிர்கிறது. இரவெல்லாம் சொறிகிறது, தூக்கினால் வீறிட்டுக் கத்துகிறது. கூட இருக்கும் இன்னொன்று பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஒருவர் பூஞ்சை என்று களிம்பு தடவச் சொன்னார். இன்னொருவர் வைட்டமின் சி குறைவு என்றார். உங்கள் மகளின் முன்கையில் சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்புகள் வந்திருக்கின்றன.

நான் மருத்துவர் இல்லை. வளர்க்க முடியாமல் பிறர் விட்டுவிட்ட கினிப்பன்றிகளை எடுத்துத் தேற்றும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். வந்து சேரும் விலங்குகளில் பெரும்பாலானவை தோல் கோளாறோடுதான் வரும். நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் நீங்கள் சொன்னதைப் படித்ததும் என் மனம் போன இடம் ஒன்றே ஒன்று: சொறிப்பூச்சி.

அதற்குக் காரணம் வழுக்கை இல்லை, அரிப்பு. முடி கொட்டுவது ஒரு நோயின் பெயர் ஆகாது. பத்துப் பன்னிரண்டு வெவ்வேறு கோளாறுகள் கடைசியில் வந்து நிற்கும் இடம் அது. வழுக்கையை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். நான் கேட்கும் கேள்விகள் மூன்று. அரிப்பு இருக்கிறதா? எந்த இடத்தில் முடி போகிறது? முடி வேரோடு உதிர்கிறதா, பாதியில் அறுந்திருக்கிறதா? முதல் கேள்வியிலேயே பாதி விடை கிடைத்துவிடும். கினிப்பன்றி தன்னை அவ்வப்போது சொறிந்துகொள்வது இயல்பு. ஆனால் சாப்பிடும்போது பாதியில் நிறுத்திவிட்டுச் சொறிவது, ஓடும்போது சட்டென்று நின்று விலாவைக் கடிப்பது, தொட்டாலே கத்துவது, இதெல்லாம் தாங்க முடியாத அரிப்பின் அடையாளம். அந்த அளவுக்கு அரிப்பைக் கொடுப்பது கினிப்பன்றியில் பெரும்பாலும் ஒரே ஒரு உயிர்தான்.

அதன் பெயர் ட்ரிக்சாகாரஸ் கேவியே. 1972-இல்தான் அறிவியல் அதைத் தனி இனமாகப் பெயரிட்டு விவரித்தது. மனிதர்களுக்குச் சொறிசிரங்கை உண்டாக்கும் பூச்சியின் உறவினம். தோலின் மேலடுக்கைக் குடைந்து, அதற்குள் சுரங்கம் தோண்டி, அங்கேயே முட்டையிடும். கண்ணுக்குத் தெரியாது. “நான் நன்றாகத் தேடிப் பார்த்தேன், ஒரு பூச்சியும் இல்லை” என்று பலர் சொல்வார்கள். தெரியாததுதான் இதன் இயல்பு. தோள், முதுகு, விலா, தொடையின் உட்புறம் ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் தொடங்கும். முதலில் பொடுகு, பிறகு முடி உதிர்வு, பிறகு தோல் தடித்து மஞ்சள் நிறப் பொருக்கு. பின்னங்கால் நகங்களால் சொறிந்து சொறிந்து புண்ணாகி, அந்தப் புண்ணில் பாக்டீரியா புகுந்து சீழ் வைப்பதும் உண்டு.

இது வெறும் தோல் தொல்லை என்று எண்ணிவிடாதீர்கள். முற்றிய நிலையில் அரிப்பு தாங்காமல் கினிப்பன்றிக்கு வலிப்பு போல வந்துவிடும். தூக்கினாலோ முதுகைத் தடவினாலோ உடம்பு முறுக்கிக்கொண்டு, தலை பின்னுக்கு வளைந்து, கால்கள் உதைத்துக்கொள்ளும். பார்ப்பவர்கள் மூளை நோய் என்று பயந்துவிடுவார்கள். சினையாக இருந்தால் கரு கலையலாம். சாப்பாட்டை நிறுத்திவிட்டு மெலிந்து இறந்துபோன விலங்குகளும் உண்டு. உங்களுடையது தூக்கினால் வீறிடுகிறது என்கிறீர்கள். அந்தக் கட்டத்துக்கு முந்தைய படி அது. அதனால்தான் பூஞ்சைக் களிம்பு தடவி இரண்டு வாரம் பார்க்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. நாளைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முயல், கினிப்பன்றி போன்ற சிறு விலங்குகளைப் பார்த்துப் பழகியவராக இருந்தால் மிகவும் நல்லது.

அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் குழப்பம் இருக்காது. மருத்துவர் ஒட்டும் நாடாவைத் தோலில் ஒற்றி எடுத்தோ, மழுங்கிய கத்தியால் தோலைச் சுரண்டியோ, சில முடிகளைப் பிடுங்கியோ நுண்ணோக்கியில் பார்ப்பார். பூச்சியோ முட்டையோ தெரிந்தால் முடிவு உறுதி. தெரியாவிட்டால்? இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். பூச்சி தோலுக்குள் இருப்பதால் சுரண்டலில் சிக்காமலே போவது சாதாரணம். “ஒன்றும் தெரியவில்லை” என்ற முடிவுக்கு “பூச்சி இல்லை” என்று பொருள் கிடையாது. அறிகுறிகள் பொருந்தினால், பூச்சி இருப்பதாகவே வைத்துக்கொண்டு மருந்து கொடுத்துப் பார்ப்பதுதான் அனுபவமுள்ள மருத்துவர்கள் செய்வது.

இது என் கண்முன்னே நடந்ததும்கூட. என்னிடம் வந்த ஒரு ஆண் கினிப்பன்றிக்கு முந்தைய வீட்டில் இரண்டு மாதம் பூஞ்சைக்கு மருந்து கொடுத்திருந்தார்கள். சுரண்டிப் பார்த்ததில் பூச்சி தெரியவில்லை, ஆகவே பூஞ்சையாகத்தான் இருக்கும் என்று யாரோ முடிவு கட்டியிருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது தோளிலிருந்து இடுப்பு வரை யானைத்தோல் போலக் கிடந்தது. கையை அருகே கொண்டுபோனாலே நடுங்கியது. பூச்சிக்கான முதல் ஊசி போட்ட நான்காம் நாள் அது கால் நீட்டிப் படுத்துத் தூங்கியதைப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் அந்த உயிருக்குக் கிடைத்த முதல் நிம்மதியான தூக்கம் அதுவாகத்தான் இருந்திருக்கும். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

மருந்து என்று பார்த்தால் பெரும்பாலும் ஐவர்மெக்டின் அல்லது செலாமெக்டின். ஐவர்மெக்டினைத் தோலடி ஊசியாகப் போடுவார்கள். செலாமெக்டினைக் கழுத்துக்குப் பின்னால் தோலில் சொட்டாக விடுவார்கள். எதுவானாலும் ஒரு முறையோடு நிறுத்தக் கூடாது. இந்த மருந்துகள் நடமாடும் பூச்சிகளைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை பொரிந்து வரும் அடுத்த தலைமுறையைப் பிடிக்கத்தான் ஐவர்மெக்டினை 7 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை போடச் சொல்கிறார்கள். செலாமெக்டின் தோலில் அதிக நாள் தங்குவதால் இடைவெளி கூடுதலாக இருக்கும். எதற்கு எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்வார். முதல் ஊசியில் அரிப்பு குறைந்ததும் “சரியாகிவிட்டது” என்று இரண்டாவதற்குப் போகாமல் விட்டவர்களின் கினிப்பன்றிகள் ஒரு மாதத்தில் பழைய நிலைக்கே திரும்பியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் அளவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆடு மாடுகளுக்கான ஐவர்மெக்டின் ஊசி மருந்து சுலபமாகக் கிடைக்கிறது, வீட்டிலேயே கொடுக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்த ஊசி மருந்து வழக்கமாக 1 சதவீதச் செறிவு. அதாவது ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம். 900 கிராம் எடையுள்ள கினிப்பன்றிக்கு, ஒரு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் என்ற கணக்கில் தேவைப்படுவது 0.36 மில்லிகிராம். அளந்தால் 0.04 மில்லிலிட்டர்கூட இல்லை. ஒரு சொட்டுக்கும் குறைவு. சாதாரண சிரிஞ்சில் கண்ணால் பார்த்து அதை எடுக்கவே முடியாது. கொஞ்சம் கூடினால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறிவிடும். மருத்துவர்கள் அதை நீர்க்கச் செய்து, விலங்கை எடை பார்த்து, அளந்து கொடுக்கிறார்கள். அந்த வேலையை அவர்களிடமே விடுங்கள்.

நாய்ச் சொட்டு மருந்து வேண்டாம் என்று சொன்னதும் இதனால்தான். அது பல கிலோ எடையுள்ள உடம்புக்கு அளந்து அடைத்தது. இன்னொன்று, நாய்களுக்கான பல மருந்துகளில் ஃபிப்ரோனில் இருக்கும். நாய்க்குத் தீங்கில்லாத அந்த மருந்து முயல்களுக்கு வலிப்பையும் சாவையும் தந்திருக்கிறது. கினிப்பன்றிக்கும் அதைப் போடக் கூடாது என்பதே பொது அறிவுரை. உண்ணிப் பட்டை, உண்ணிப் பொடி, நாய் ஷாம்பு எதுவும் வேண்டாம். கினிப்பன்றி நாள் முழுவதும் தன்னையும் கூட்டாளியையும் நக்கிக்கொண்டே இருக்கும். மேலே போடுவது எல்லாம் கடைசியில் வயிற்றுக்குள்தான் போகும்.

அந்த வயிறு நாயின் வயிறோ நம் வயிறோ மாதிரி இல்லை. கினிப்பன்றியின் பெருங்குடல் முழுவதும் புல்லை நொதிக்க வைக்கும் பாக்டீரியாக்களின் குடியிருப்பு. பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் அந்தக் குடியிருப்பு அழிந்து, நச்சு சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் வகைகள் பெருகி, சில நாட்களில் உயிரே போய்விடும். சொறிந்த புண்ணில் சீழ் வைத்திருக்கிறதே என்று வீட்டில் மீந்துபோன குழந்தை மருந்தைக் கொடுத்துக் கினிப்பன்றியை இழந்தவர்கள் உண்டு. புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்றால் கினிப்பன்றி தாங்கக்கூடியதை மருத்துவர் தேர்ந்து கொடுப்பார். களிம்புகளிலும் இதே ஆபத்து. குறிப்பாக, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்புகள். பூச்சியாக இருந்தாலும் பூஞ்சையாக இருந்தாலும் ஸ்டீராய்டு சிவப்பை மட்டும் அடக்கிக் காட்டிவிட்டு, எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து நோயை உள்ளே வளர்க்கும். உங்களுக்குச் சொன்ன களிம்பு அந்த வகையா என்று டியூபின் மேல் படித்துப் பாருங்கள்.

இனி, அது பூஞ்சைதான் என்றவரின் பக்கம். படர்தாமரை கினிப்பன்றிகளுக்கு நிறையவே வரும். டிரைக்கோபைட்டான் என்ற பூஞ்சைதான் பெரும்பாலும் காரணம். ஆனால் அது நடந்துகொள்ளும் விதமே வேறு. மூக்கின் மேல், கண்ணைச் சுற்றி, காதில் என்று முகத்தில்தான் வழக்கமாகத் தொடங்கும். பிறகுதான் முதுகுக்கும் காலுக்கும் பரவும். ஓரளவு வட்டமாக, ஓரத்தில் செதில் எழும்பி, நடுவில் முடி இல்லாமல் இருக்கும். அரிப்பு இருக்காது, இருந்தாலும் லேசாகத்தான். உங்கள் கினிப்பன்றியின் முகம் சுத்தமாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அரிப்போ தாங்க முடியாதது. ஆகவே பூஞ்சை என் பட்டியலில் இரண்டாம் இடத்துக்குப் போகிறது. ஆனாலும் முழுக்க அழித்துவிட மாட்டேன். இரண்டும் ஒரே விலங்கில் சேர்ந்து வருவதைப் பார்த்திருக்கிறேன்.

பூஞ்சையை உறுதி செய்ய ஊதா விளக்கைக் காட்டிப் பார்ப்பார்கள். பூனைகளுக்கு வரும் ஒரு வகைப் பூஞ்சை அதில் பச்சையாக ஒளிரும். கினிப்பன்றிக்கு வரும் டிரைக்கோபைட்டான் ஒளிராது. எனவே விளக்கில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அதனால் எந்த முடிவுக்கும் வர முடியாது. முடியையும் செதிலையும் எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பதே நம்பகமானது. அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். பூஞ்சை என்று தெரிந்தால் இட்ராகோனசோல் அல்லது டெர்பினாஃபின் போன்றவற்றை மருத்துவர் வாய்வழி கொடுப்பார். அது வாரக்கணக்கில் நீளும் மருத்துவம். பூஞ்சையின் வித்துகள் கூண்டிலும் துணியிலும் சீப்பிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால் விலங்குக்கு எவ்வளவு மருந்தோ அவ்வளவு கவனம் கூண்டைச் சுத்தம் செய்வதிலும் வேண்டும்.

மகளின் கையைப் பற்றிக் கேட்டீர்கள். சொறிப்பூச்சி மனிதத் தோலில் தங்கிப் பெருகாது. ஆனால் மடியில் வைத்துக் கொஞ்சும்போது ஏறிக் கடித்து, முன்கை, வயிறு, கழுத்து ஆகிய தொடும் இடங்களில் அரிக்கும் தடிப்புகளை உண்டாக்கும். விலங்கு குணமானால் அதுவும் தானே அடங்கிவிடும். பூஞ்சை அப்படி இல்லை. மனிதர்களிடம் நன்றாகவே ஒட்டிக்கொள்ளும், குழந்தைகளிடம் இன்னும் சுலபமாக. தடிப்பு வட்டமாக விரிந்து, ஓரம் சிவந்து, நடு வெளிறினால் படர்தாமரையாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் மகளைத் தோல் மருத்துவரிடம் காட்டி, வீட்டில் கினிப்பன்றிக்குத் தோல் நோய் இருக்கிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வரி அவருக்கு நிறைய உதவும். மகளுக்குத் தடிப்பு இருப்பதை உங்கள் கால்நடை மருத்துவரிடமும் சொல்லுங்கள். குணமாகும் வரை கினிப்பன்றியைத் துண்டில் சுற்றித் தூக்கட்டும், தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். பாவம், அவளைக் கிட்டே விடாமல் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

உங்கள் கினிப்பன்றி பெண், வயது இரண்டரை. ஆகவே இன்னொன்றையும் மருத்துவர் தடவிப் பார்க்க வேண்டும்: சினைப்பை நீர்க்கட்டி. ஒன்றரை வயதுக்கு மேற்பட்ட பெண் கினிப்பன்றிகளில் இது மிக மிகச் சாதாரணம். எல்லாக் கட்டியும் முடியைக் கொட்டச் செய்யாது. ஹார்மோன் சுரக்கும் வகையாக இருந்தால் இரண்டு விலாவிலும், கண்ணாடியில் பார்த்த மாதிரி, ஒரே அளவில் ஒரே வடிவத்தில் முடி மெலிந்துபோகும். தோல் வழவழப்பாக, சுத்தமாக இருக்கும். செதில் இருக்காது, அரிப்பும் இருக்காது. முலைக்காம்புகள் தடித்துப் பொருக்குத் தட்டியிருக்கலாம், கூட்டாளி மேல் ஏறி உறுமலாம், வயிறு இரு பக்கமும் பேரிக்காய் போலப் பருக்கலாம். ஸ்கேனில் தெரிந்துவிடும். கருப்பையையும் சினைப்பையையும் அறுவை செய்து எடுப்பதுதான் நிரந்தரத் தீர்வு. அதற்குத் தாங்காத உடம்பு என்றால் ஹார்மோன் ஊசி போடுவதுண்டு. ஆனால் அந்த ஊசி ஹார்மோன் சுரக்கும் கட்டிக்கு மட்டும்தான் பயன்படும், வெறும் நீர் தேங்கிய கட்டிக்குப் பயன்படாது. அரிப்பு இல்லாமல், இரு பக்கமும் சமமாக முடி போகும் பெண் கினிப்பன்றி என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். உங்களுடையது அப்படி இல்லை. ஆனாலும் பூச்சி போன பிறகு விலாவில் மட்டும் முடி முளைக்காமல் நின்றால் இந்தப் பத்தியை ஞாபகம் வையுங்கள்.

மூன்றாவது கேள்வி, முடி அறுந்திருக்கிறதா என்பது. வழுக்கை போலத் தெரியும் இடத்தை விரலால் எதிர்த்திசையில் தடவிப் பாருங்கள். மழித்த தாடி போல முள் முள்ளாகக் குத்தினால் முடி உதிரவில்லை, கடித்துக் கத்தரிக்கப்பட்டிருக்கிறது. தோலில் சிவப்போ செதிலோ இருக்காது. தன் வாய் எட்டும் இடங்களில் மட்டும் என்றால் தானே கடித்துக்கொள்கிறது. தலையிலும் கழுத்திலும் என்றால் கூட்டாளியின் வேலை, ஏனென்றால் தன் கழுத்தைத் தானே கடிக்க முடியாது. புல் போதாமை, இட நெருக்கடி, சலிப்பு, ஆதிக்கப் போட்டி இவையே காரணங்கள். உலர்புல் எந்நேரமும் தீராமல் கிடந்து, ஒளிந்துகொள்ள ஆளுக்கொரு இடம் இருந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். மருந்து எதுவும் தேவைப்படாது.

வைட்டமின் சி விஷயம் பாதி உண்மை. நம்மைப் போலவே கினிப்பன்றிக்கும் உடம்பில் வைட்டமின் சி தயாரிக்கும் கடைசி நொதி இல்லை, ஆகவே தினமும் உணவிலிருந்து வந்தாக வேண்டும். 1907-இல் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இரு நார்வே ஆய்வாளர்கள் கினிப்பன்றிகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்து வளர்த்தபோது அவற்றுக்கு ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி குறைபாட்டு நோய், வந்தது. வைட்டமின் சி கண்டுபிடிக்கப்பட்ட கதையில் அந்தச் சின்ன உயிர்களுக்கும் பங்கு உண்டு. குறைபாடு வந்தால் முடி சொரசொரப்பாகிப் பொலிவிழக்கும், காயம் ஆறாது, மூட்டு வீங்கி நடக்க வலிக்கும், ஈறில் இரத்தம் கசியும். ஆனால் குறைபாடு மட்டுமே இப்படி வெறி பிடித்தாற்போல் சொறிய வைக்காது. அது செய்வது வேறு. எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துப் பூச்சிக்குக் கதவைத் திறந்து விடும். ஆகவே பூச்சி இருக்கும் கினிப்பன்றிக்கு வைட்டமின் சி கொடுப்பது சரி. பூச்சிக்குப் பதிலாக அதை மட்டும் கொடுப்பது தவறு.

நலமாக இருக்கும்போது ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் போதும். நோயுற்றாலோ சினையானாலோ 30 முதல் 50 வரை. தண்ணீர்ப் புட்டியில் கரைத்து வைக்க வேண்டாம். வெளிச்சமும் காற்றும் பட்டு ஒரே நாளில் பெரும் பகுதி சிதைந்துவிடும், சுவை மாறியதால் தண்ணீரே குடிக்காமலும் போகும். பெல்லட்டில் கலந்திருக்கும் வைட்டமினும் தயாரித்து மூன்று மாதம் போனால் வெகுவாகக் குறைந்துவிடும், எனவே பையின் தேதியைப் பாருங்கள். எளிய வழி குடைமிளகாய். சிவப்பு நிறத்தில் 100 கிராமுக்குச் சுமார் 130 மில்லிகிராம் இருக்கிறது. தினம் இரண்டு மூன்று துண்டு, விதை நீக்கிக் கொடுத்தால் போதும்.

கூட்டாளி நன்றாக இருக்கிறதே என்று கேட்டீர்கள். பல கினிப்பன்றிகள் இந்தப் பூச்சியைச் சுமந்துகொண்டே அறிகுறி இல்லாமல் வாழும். முதுமை, சினை, வேறொரு நோய், இடமாற்றம், துணையை இழந்த சோகம் என ஏதாவது ஒன்று உடம்பைத் தளர்த்தும்போது பூச்சி பெருகிவிடும். உங்கள் வீட்டிலும் ஒன்றில் பெருகிவிட்டது, மற்றதில் உறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் மற்றதிடமிருந்து திரும்பி வரும். அதற்காக இரண்டையும் பிரித்து வைக்கவும் வேண்டாம். சேர்ந்தே இருந்திருக்கின்றன, பிரிவு இன்னொரு மன உளைச்சல். புதிதாக ஒன்றை வாங்கி வந்தால் மட்டும் இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

மற்ற பூச்சிகளையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பேன் கண்ணுக்குத் தெரியும். முடிக்கிடையில் மெல்ல ஊரும் வெளிர்நிறக் கோடு போல இருக்கும், ஈர் முடியோடு ஒட்டியிருக்கும். மனிதர்களிடம் பரவாது. முடியைப் பிடித்துக்கொண்டு வாழும் இன்னொரு நுண்பூச்சியும் உண்டு. பின்னிடுப்பில் உப்பும் மிளகும் தூவினாற்போலத் தெரியும், பெரும்பாலும் அரிப்பு குறைவு. இரண்டுக்கும் ஏறக்குறைய இதே மருந்துகள்தான்.

நோயே இல்லாத வழுக்கைகளும் உண்டு. ஒவ்வொரு காதுக்குப் பின்னாலும் முடியில்லாத சிறு வட்டம் எல்லாக் கினிப்பன்றிக்கும் பிறவியிலேயே இருப்பது. பால் மறக்கும் வயதில் குட்டிகளுக்கு முடி மெலிந்து புதுமுடி வரும். சினையின் கடைசி வாரங்களில் தாய்க்கு விலாவில் முடி குறைந்து, ஈன்ற பிறகு திரும்ப வளரும். ஆண்களுக்கு வால் இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கும். அது பிசுபிசுத்து முடி திரண்டு அழுக்கேறினால் தோல் நோய் போலத் தெரியும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி இளக்கித் துடைத்துவிட்டால் போதும். உள்ளங்கால் சிவந்து தடித்திருந்தால் மட்டும் அசட்டையாக இருக்க வேண்டாம். கம்பித்தரையும் ஈரமும் உடல் பருமனும் சேர்ந்து உண்டாக்கும் அந்தப் புண் எலும்பு வரை போகும். நனைந்த பின்புறத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்தால் அது மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கும் அவசரம், பார்த்த உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இனி இன்றிரவு. குளிப்பாட்ட வேண்டாம். தோலுக்குள் இருக்கும் பூச்சி குளியலில் போகாது. நனைந்த உடம்பு குளிரில் நடுங்கும், கையாளுவதே வலிப்பைத் தூண்டலாம். பொருக்கைப் பிய்க்க வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம். மரத்தூள் படுக்கை போட்டிருந்தால் எடுத்துவிட்டுச் சுத்தமான பருத்தித் துணி விரியுங்கள். அறையை அமைதியாக, வெளிச்சம் குறைவாக வையுங்கள். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, அதில் உட்காரவைத்து எடை பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், மருத்துவர் கேட்கும் முதல் விவரம் அதுதான். வலிப்பு வந்தால் பிடித்து அழுத்தக் கூடாது, வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அடிபடாதபடி சுற்றிலும் துண்டை வைத்து, இருட்டாக்கி, அடங்கியதும் அந்த இரவே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பன்னிரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்தாலும் அதே அவசரம்தான். கினிப்பன்றியின் குடல் நின்றுவிட்டால் திரும்ப ஓட வைப்பது கடினம். வலிக்கு மருந்து கேட்க மறக்காதீர்கள். பூச்சி சாகும் வரை அரிப்பும் வலியும் இருக்கும், அதற்குப் பாதுகாப்பான மருந்து உண்டு. பின்னங்கால் நகங்களை அங்கேயே வெட்டிவிடச் சொல்லுங்கள். காலுக்கு மூன்றாக ஆறே நகம்தான், ஆனால் புண்ணில் பாதி அவற்றால் வருவது.

மருந்து தொடங்கிய முதல் இரண்டு நாள் அரிப்பு சற்றுக் கூடினாற்போலத் தெரியலாம், பயப்பட வேண்டாம். வழக்கமாக ஒரு வாரத்துக்குள் சொறிவது தெளிவாகக் குறையும். ஒவ்வொரு தவணை மருந்து அன்றும் படுக்கைத் துணி, ஒளியும் வீடு, புல் தட்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள் அல்லது வெந்நீரில் கழுவிக் காயவையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பொருக்கு தானே உதிர்ந்து அடியில் வெல்வெட் போலப் பூமுடி அரும்பும். முழுத் தோகையும் வர இரண்டு மாதம்கூட ஆகலாம். வாரம் ஒருமுறை எடை பாருங்கள், முடியை விட எடைதான் உண்மையைச் சீக்கிரம் சொல்லும். எல்லாத் தவணையும் முடிந்த பிறகும் அரிப்பு நிற்கவில்லை என்றால் அதே மருந்தைத் தொடராமல் மறுபடி போய்ப் பூஞ்சை வளர்ப்புச் சோதனையும் வயிற்று ஸ்கேனும் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.